கயிறும் உருளையும் : கைவிஞ்சின் வரலாறு

பழனி மலைக்கு ‘விஞ்சில்’ ஏறிச் சென்று வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அங்கே மின்விசையால் உருளை சுழல, இரும்புக் கயிறு பெட்டியை மேலே இழுக்கின்றது. அதே வேலையை மனிதன் தன் இரு கைகளாலேயே செய்துகொள்ள அமைத்த கருவி கைவிஞ்சு. சேற்றிலும் மணலிலும் அமிழ்ந்த வண்டியை மீட்பதற்கு இன்றும் அது துணை நிற்கின்றது. பெரிய வரலாற்று நூல்கள் அதனைப் பேசுவதில்லை. ஆயினும், வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ஆலைகளையும் இரயிலையும் நாடி வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் ஸ்ரீராம்புரத்திற்கு அவ்வரலாறு அயலானதன்று.

கமலை கட்டி நீர் இறைத்த உழவர்க்கும், வடம் பிடித்துத் தேர் இழுத்த ஊரார்க்கும் கயிற்றின் திறம் புதிதன்று. நிலைபெயராத தேரின் சக்கரத்தில் நெம்புகோல் கொடுத்து உந்துவதையும் நாம் கண்டிருக்கின்றோம். நெம்புகோலையும் உருளையையும் ஒன்றாகப் பிணைத்தால் விஞ்சு பிறக்கின்றது. கணக்கு எளிது. கைப்பிடியின் நீளம் 30 சென்டிமீட்டர், உருளையின் ஆரம் 5 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். விசை 6 மடங்காகும். இடையே ஒன்றுக்கு நான்கு என்ற அளவில் பற்சக்கரங்களை அமைத்தால் 24 மடங்காகும். ஒருவர் 15 கிலோ விசையில் சுழற்றினால் 360 கிலோ இழுப்பு. உராய்வில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 240 கிலோ எஞ்சும். வண்டியில் ஒரு கப்பியைப் பூட்டிக் கயிற்றை மடக்கிக் கட்டினால் அதுவும் ஏறத்தாழ இருமடங்காகும். ஆனால் வண்டி நகரும் வேகம் பாதியாகும்.

ஆர்க்கிமிடீசு என்னும் கிரேக்க அறிஞர் கப்பிகளின் துணையால் தனி ஒருவராய் ஒரு கப்பலை இழுத்தார் என்று புளூட்டார்க்கு எழுதியுள்ளார். அக்கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு செய்தி. அண்மைக் காலத்தில் இக்கருவியை வளர்த்தவர்கள் அறிஞர்களல்லர், காடு திருத்தியவர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டிரெந்தாம் என்னும் ஊரில் டிரெவெல்லா சகோதரர்கள் மரவேர்களைப் பிடுங்குவதற்கென ஒரு கைவிஞ்சு செய்தனர். ‘குரங்கு விஞ்சு’ என்று பெயர் பெற்ற அது, பின்னர்ப் போர்க்களங்களிலும் சிக்கிய வண்டிகளை இழுக்கப் பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரான்சு நாட்டில் தோன்றிய ‘திர்ஃபோர்’ உருளையையே விலக்கிவிட்டது. அதனுள் இரண்டு இணைப் பற்றுத் தாடைகள் மாறிமாறிக் கயிற்றைக் கவ்வுகின்றன. கிணற்றுக் கயிற்றை இரு கைகளாலும் மாற்றிமாற்றி இழுப்பதைப் போன்றதே அது.

நம் நகரிலேயே இக்கலை பயின்றோர் உள்ளனர். 1780இல் தோற்றம் கொண்ட மதராஸ் சாப்பர் படையின் இருப்பிடம் அல்சூர் ஏரிக்கரையில் உள்ளது. ‘தம்பி’ என்று அன்புடன் அழைக்கப்படும் அவ்வீரர்களில் தமிழர் மிகப் பலர். விஞ்சை மாட்ட மரமில்லாத வெளியில் படைப் பொறியாளர் கையாளும் முறை ஒன்றுண்டு. முன்வரிசையில் மூன்று முளைகள், அதன் பின்னே இரண்டு, அதற்கும் பின்னே ஒன்று. முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு இறுகக் கட்டுவர். தனித்து நின்றால் பெயர்ந்துவிடும் முளைகள், சேர்ந்து நின்று ஒரு வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன.

இனி 1988 ஜூலை 8ஆம் நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். பெங்களூரிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் சென்ற ஐலண்டு எக்ஸ்பிரஸ், கொல்லத்திற்கு அருகே பெருமண் பாலத்தில் தடம் புரண்டது. பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்தன. 105 பேர் மாண்டனர். சுழற்காற்றே காரணம் என்று இரயில்வேயின் விசாரணை கூறியது. மக்களில் பலர் அதனை ஏற்கவில்லை. நம் நிலையத்தில் வழியனுப்பி வைக்கப்பட்ட வண்டி அது என்பதை எண்ணும்போது நெஞ்சு இன்றும் கனக்கின்றது.

நீரில் மூழ்கிய பெட்டிகளைக் கரைசேர்க்க பேப்பூரிலிருந்து மாப்பிள்ளைக் கலாசிகள் வந்தனர். ‘உரு’ எனப்படும் மரக்கலங்களைக் கடலில் இறக்குவது அவர்களுடைய பரம்பரைத் தொழில். நிமிர்ந்து நிற்கும் மர உருளையில் குறுக்குக் கழிகளைச் செருகி, அதனைச் சுற்றி நடந்தபடியே வடத்தைச் சுற்றுவர். வடம் பல கப்பிகளின் வழியே பாரத்தைச் சேரும். ஒருவர் பாட, ஏனையோர் ஒருங்கே அடியெடுத்து வைப்பர். அப்பாட்டைப் பொழுதுபோக்கு என்று எண்ணலாகாது. பலருடைய விசை ஒரே கணத்தில் கூடவேண்டுமாயின் ஒரு குரல் வேண்டும். நம் செம்படவரின் ஏலேலோவும் அவ்வகையினதே. சேறு பிடித்த பொருளை வெடுக்கென்று இழுத்தால் கயிறுதான் அறும். விடாது மெல்ல இழுக்க, சேற்றின் பிடிக்குள் நீர் புகுந்து அது தளரும். இதனை அவர்கள் கடலிடம் கற்றிருந்தனர். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கரை கண்டன.

போர் முடிந்தபின் படையினர் கழித்த ஜீப்புகளும், 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கிய ஜீப்புகளும் நம் நாட்டுக் காட்டுப்பாதைகளைத் திறந்தன. கரடுமுரடான தடங்களில் வண்டியோட்டும் இளைஞர் பழைய கைவிஞ்சுகளைத் தேடிச் செப்பனிடுவது இன்று ஒரு விருப்பத் தொழிலாகியுள்ளது. வரவேற்கத் தக்கதே. ஆயினும் வண்ணம் பூசுவதைச் செப்பனிடுதல் என்று கருதுவோரைக் கண்டால் எனக்கு அச்சமே உண்டாகின்றது. மண்ணெண்ணெயில் கழுவித் துரு நீக்கியவுடன் முதலில் நோக்கவேண்டியது, பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாதவாறு தடுக்கும் நாக்கும் அதன் சுருள்வில்லும். நாக்கின் முனை மழுங்கியிருந்தால் முழுப்பாரமும் கைப்பிடியில் திரும்பிப் பாயும். கையெலும்பு முறிய ஒரு கணம் போதும். தேய்ந்த புஷ்களை லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். வாய் அகன்ற கொக்கியைச் சூடேற்றி வளைத்துப் பயன்படுத்தலாகாது, எறிந்துவிடுதலே தகும். வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசல் கண்டால் வெல்டிங்கை நம்புதலும் கூடாது.

மேம்படுத்துதல் என்ற பெயரில் நீண்ட கைப்பிடி பொருத்துவோர் உளர். அதனால் கைக்கு எளிமை கிடைக்கும். பற்களும் அச்சும் தாங்கும் அளவோ மாறுவதில்லை. திர்ஃபோரில் இதனை எண்ணியே, அளவு மீறினால் தானே முறிந்து இழுப்பை நிறுத்தும் சிறு ஊசிகளை வைத்தனர். அவை முறியும்போது ஆணியைச் செருகிவிடுவோர் தம் காவலையே பிடுங்கியெறிகின்றனர்.

உண்மையான மேம்பாடு கயிற்றில்தான் நிகழ்ந்துள்ளது. இக்காலத்துச் செயற்கை இழைக் கயிறு இரும்புக் கயிற்றினும் மிக இலேசானது. அறுந்தால் சாட்டைபோல் வீசும் ஆற்றலும் அதற்குக் குறைவு. ஆனால் கூரிய விளிம்பும் வெப்பமும் அதற்குப் பகை. ஆதலின் உருளையின் ஓரங்களை அரத்தால் வழவழப்பாக்கிய பின்னரே அதனைச் சுற்றவேண்டும். இரும்புக் கயிறே கிடைத்தவர்கள் அதன் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போர்த்துவர். கயிறு அறுந்தால் அதன் வீச்சைத் தரையை நோக்கித் தாழ்த்துவதற்காகவே அது. இழுக்கும் வேளையில் குழந்தைகளை, விறைத்து நிற்கும் கயிற்றின் நீளத்தைக் காட்டிலும் தொலைவில் நிறுத்திவைப்பர்.