அறையிசையும் மறைந்த பெயர்களும்

மேலை நாட்டு இசையில் அறையிசை என்றொரு பிரிவு உண்டு. பேரரங்கில் நூற்றுவர் கூடி முழக்கும் சிம்பொனி இசையினின்று அது வேறுபட்டது. இருவர் முதல் ஒன்பதின்மர் வரை ஒரு வீட்டின் கூடத்தில் அமர்வர். கோல் கொண்டு நடத்துவார் எவருமிலர். ஒருவர் இசைக்கு மற்றவர் செவி கொடுத்து இசைப்பர். ஒரு பகுதியை ஒருவரே இசைப்பதால், ஒருவருடைய தவறு மற்றவர் ஒலியில் மறைந்துவிடாது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் சேர்வது ஒரு வகை. பியானோவோடு வயலினும் செல்லோவும் கூடும் மூவரிசை மற்றொரு வகை. சிறிய இசை என்று இதனை எண்ணிவிடலாகாது. மேலை நாட்டுப் பெரும்புலவர் பலர் தம் ஆழ்ந்த கருத்துகளை இச்சிறு கூட்டத்திற்கென்றே எழுதி வைத்தனர்.

மகளிர் இயற்றிய அறையிசையை மட்டுமே கொண்ட நிகழ்ச்சிகள் இந்நாளில் மேலை நாடுகளில் பலவாக நடைபெறுகின்றன. அவற்றின் நிரலில் லூயிஸ் ஃபரான்க், ஃபானி மெண்டல்சோன், கிளாரா சூமன், ரெபெக்கா கிளார்க் ஆகிய பெயர்கள் அடிக்கடி காணப்படும். இசைக்கு ஆண் ஏது, பெண் ஏது, தனியே ஒரு விழா எடுப்பானேன் என்று வினவுவோரும் உளர். வினா நேர்மையானதே. விடையோ அப்பெயர்கள் அந்நிரலில் ஏறுவதற்கு எத்துணைக் காலம் ஆயிற்று என்பதில் அடங்கியுள்ளது.

ஃபானி 1805இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். மெய்யியல் அறிஞர் மோசஸ் மெண்டல்சோன் அவருடைய பாட்டனார்; தந்தை ஆபிரகாம் வங்கித் தொழில் செய்த செல்வர். தம்பி பெலிக்ஸ் மெண்டல்சோனை உலகம் அறியும். அக்காளும் தம்பியும் பெர்லினில் செல்ட்டர் என்னும் ஒரே ஆசிரியரிடம் இசையிலக்கணம் பயின்றனர். பதின்மூன்று வயதில் பாஹ் இயற்றிய இருபத்து நான்கு பியானோ முன்னிசைகளை ஏடு பாராமல் இசைத்துக் காட்டித் தந்தையை வியப்பில் ஆழ்த்தினார் ஃபானி. வியந்த அதே தந்தைதான் 1820இல் மகளுக்கு ஒரு மடல் வரைந்தார். இசை பெலிக்சுக்குத் தொழிலாகலாம். ஃபானிக்கோ அஃது என்றும் ஓர் அணிகலனாகவே இருத்தல் வேண்டும் என்பது அம்மடலின் கருத்து. அப்போது மகளுக்கு வயது பதினான்கு.

அவர் இசையைக் கைவிடவில்லை. 1829இல் வில்லெம் ஹென்சல் என்னும் ஓவியரை மணந்தார். மனைவியின் இசைப்பணியை அக்கணவர் தடுக்கவில்லை, ஊக்கவே செய்தார். பெர்லின் லைப்சிக் தெருவில் இருந்த குடும்ப மாளிகையின் தோட்டக் கூடத்தில், 1831 முதல் ஞாயிறுதோறும் நிகழ்ந்த இசைக்கூட்டங்களை ஃபானியே அமைத்தார். நுழைவுச் சீட்டு இல்லை. அழைப்புப் பெற்றோர் மட்டுமே வருவர். பாடகர் குழுவைப் பயிற்றியவரும், பியானோ இசைத்தவரும், நிரலை வகுத்தவரும் அவரே. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே கூடியதுண்டு. எனினும் அது வீடு. ஆகவே ஒரு பெண் அங்கே தலைமை தாங்கலாம். வீட்டு வாயிலுக்கு வெளியே, 1838இல் நடந்த ஓர் அறநிதி நிகழ்ச்சியில் பியானோ இசைத்தது நீங்கலாக, அவரைப் பொதுமேடையில் காண்பது அரிதாகவே இருந்தது. அம்மாளிகை நின்ற இடத்தில் இன்று செர்மானிய நாட்டின் மேலவைக் கட்டடம் நிற்கின்றது.

வீட்டு இசை வீட்டைக் கடந்து செல்ல அச்சு வேண்டும். அச்சுக்குப் பெயர் வேண்டும். ஃபானியின் வழி அங்கேதான் அடைபட்டது. பெலிக்ஸ் தம் எட்டாம், ஒன்பதாம் தொகுதிகளாக வெளியிட்ட பாடல்களுள், தொகுதிக்கு மூன்றாக ஆறு பாடல்கள் அக்காளுடையவை. அவை தம்பியின் பெயரிலேயே உலவின. 1842இல் பெலிக்ஸ் இலண்டன் அரண்மனைக்குச் சென்றபோது, விக்டோரியா அரசியார் அவருடைய பாடல் ஒன்றைத் தாமே பாட விரும்பி ஏட்டைப் புரட்டினார். அரசியார் தேர்ந்து பாடியது 'இத்தாலி' என்னும் பாடல். அதனை இயற்றியவர் தம் அக்காளே என்று பெலிக்ஸ் அங்கே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பேரரசியின் நாவில் ஏறிய பாடலுக்கு உரியவர் பெர்லினில் தம் இல்லத்தில் இருந்தார்.

பெலிக்சைக் கொடியவராகத் தீட்டுவது எளிது, அது முறையாகாது. அக்காளின் திறனை அவரினும் நன்கு அறிந்தவர் எவருமிலர். தம் படைப்புகளை அக்காளிடம் காட்டிக் கருத்துப் பெறுவது அவர் வழக்கம். ஆயினும் அக்காள் நூல் வெளியிடுவதை மட்டும் அவர் விரும்பவில்லை. 1834இல் ஃபானி இயற்றிய நரம்பிசை நால்வர் படைப்பின் வடிவம் கட்டுக்கோப்பாக இல்லை என்று அவர் குறை கூறினார். அதன்பின் ஃபானி அவ்வகையில் மற்றொன்று இயற்றவில்லை. அப்படைப்பும் 1980களில்தான் அச்சேறியது. அன்பினால் கூறப்பட்ட ஒரு சொல் பகைவர் பழிப்பினும் வலிதாய் அமைந்துவிட்டது.

1846இல், நாற்பதாம் வயதில், ஃபானி துணிந்தார். தம்பி விரும்பமாட்டார் என்று அறிந்தே, நூல் வெளியிடும் முடிவை அவருக்கு எழுதினார். பெலிக்ஸ் சில வாரங்கள் கழித்து வாழ்த்து அனுப்பினார். முதல் தொகுதி ஃபானியின் பெயரோடு வெளிவந்தது. அக்குளிர்காலத்தில் மூவரிசை ஒன்றை டி மைனர் சுரத்தில் இயற்றினார். 1847 ஏப்ரல் 11ஆம் நாள் தங்கை ரெபெக்காவின் பிறந்தநாள் விழாவில் அது முதன்முதல் இசைக்கப்பட்டது. அடுத்த மாதம் 14ஆம் நாள், ஞாயிற்றுக் கூட்டத்திற்கென ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, பியானோமீது இருந்த அவருடைய கைகள் உணர்விழந்தன. அன்றிரவே உயிர் நீத்தார். தம்பியும் அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார். அந்த மூவரிசை 1850இல் அச்சாகி வெளிவந்தபோது, அதைக் காண இருவரும் இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் பாரிசில் மற்றொரு பெண்மணி வேறொரு வகையில் போராடிக்கொண்டிருந்தார். ஆசிரியப் பணியில் உள்ளோர் அவருடைய வரலாற்றைக் கூர்ந்து நோக்குதல் தகும். லூயிஸ் ஃபரான்க் 1804இல் சிற்பியர் குடும்பத்தில் பிறந்தவர். பாரிசு இசைக்கல்லூரியின் இசையமைப்பு வகுப்பில் பெண்களுக்கு அந்நாளில் இடமில்லை. ஆகவே, அங்குப் பேராசிரியராக விளங்கிய ரைக்காவிடம் தனியே பாடங் கேட்டார். 1842இல் அதே கல்லூரி அவரைப் பியானோப் பேராசிரியராக அமர்த்தியது. மாணவியர்க்கு மட்டும் கற்பிக்கலாம் என்பது ஏற்பாடு. ஊதியமோ ஆண் பேராசிரியர் பெறுவதினும் குறைவு. ஏழெட்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

1849இல் ஃபரான்க் ஒன்பதின்மர்க்கான அறையிசை ஒன்றை இயற்றினார். ஐந்து ஊதுகருவிகளும் நான்கு நரம்புக் கருவிகளும் சேர்ந்த அரிய அமைப்பு அது. 1850இல் அது அரங்கேறியபோது வயலின் இசைத்தவர் யோசப் யோவாக்கிம். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பின்னர் ஐரோப்பாவின் தலைசிறந்த வயலின் கலைஞராக உயர்ந்தவர். பாரிசு அவ்விசையைப் போற்றியது. அப்புகழ் மங்குமுன் ஃபரான்க் கல்லூரித் தலைவர் ஓபேருக்கு விண்ணப்பம் எழுதினார். தம்மைப் போன்றே பணிபுரியும் ஆண் பேராசிரியர்க்கு நிகரான ஊதியம் தமக்கும் வேண்டும் என்று கேட்டார், பெற்றார். இரந்து கேட்காமல் கணக்குக் காட்டிக் கேட்டார் என்பதே அதன் சிறப்பு. பிரெஞ்சுக் கலைக்கழகம் சிறந்த அறையிசைக்கு வழங்கிய சார்த்தியே பரிசு 1861இலும் 1869இலும் அவரை அடைந்தது. ஆயினும் 1859இல், பியானோக் கலைஞராக வளர்ந்த ஒரே மகள் விக்டோரினைப் பறிகொடுத்த பின், புதிய படைப்பு இயற்றுவதை அவர் பெரும்பாலும் விட்டுவிட்டார்; பழைய இசை நூல்களைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார்.

அதே யோவாக்கிமுக்குத்தான் கிளாரா சூமன் 1853இல் தம் வயலின் படைப்பு ஒன்றைக் காணிக்கையாக்கினார். கிளாரா எட்டு மக்களைப் பெற்றவர். பியானோக் கலைஞராக ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றவர். அவருடைய 1846ஆம் ஆண்டு மூவரிசை இன்றும் விரும்பிக் கேட்கப்படுகின்றது. பெண் இசை இயற்ற அவாவுதல் தகாது என்று தம் நாட்குறிப்பில் எழுதியவரும் அவரே. 1856இல் கணவர் இராபர்ட் மறைந்தபின் குடும்பத்தைக் காக்க மேடையேறி இசைத்தாரேயன்றி, புதிதாக இயற்றியது மிகச் சிலவே.

இருபதாம் நூற்றாண்டில் பிறர் மறைக்க வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று. உலகம் தானே நம்ப மறுத்தது. இங்கிலாந்தின் ரெபெக்கா கிளார்க் இலண்டன் அரச இசைக்கல்லூரியில் பயின்று, தந்தையால் வீட்டினின்று வெளியேற்றப்பட்டு, வயோலா இசைத்தே வாழ்வு நடத்தியவர். 1918இல் நியூயார்க் நிகழ்ச்சி ஒன்றில், நிரல் முழுதும் தம் பெயரே வருவது நன்றாயிராது என்று கருதி, 'மார்ஃபியஸ்' என்னும் தம் படைப்பை அந்தோணி டிரென்ட் என்னும் பொய்ப் பெயரில் இட்டார். திறனாய்வாளர்தம் பார்வை கிளார்க்கை விட்டு, இல்லாத டிரென்டின்மீது சென்றது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததோ இதனினும் விந்தை. எலிசபெத் கூலிட்ஜ் என்னும் அமெரிக்கச் செல்வச் சீமாட்டி வயோலாப் படைப்புக்கு ஒரு போட்டி அமைத்தார். பெயரில்லாமல் எழுபதுக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. இறுதியில் நடுவர் அறுவரும் இருவேறு படைப்புகளுக்கு மும்மூவராகப் பிரிந்தனர். கூலிட்ஜ் அம்மையார் தம் வாக்கை ஒன்றுக்கு அளித்தார். வென்றவர் எர்னஸ்ட் புளோக். மற்றதன் உறையைப் பிரித்தபோது கிளார்க்கின் பெயர் இருந்தது. ஒரு பெண்ணா என்று நடுவர்கள் திகைத்தனர். ரெபெக்கா கிளார்க் என்று எவருமிலர், அது புளோக்கின் மறுபெயரே என்ற பேச்சும் எழுந்தது! ஆண் பெயரில் வந்த பெண்ணின் இசை ஐயமின்றி ஏற்கப்பட்டது. பெண் பெயரில் வந்ததோ ஓர் ஆணின் வேலையாகக் கருதப்பட்டது. கிளார்க் தொண்ணூற்று மூன்று வயது வரை வாழ்ந்து 1979இல் நியூயார்க்கில் காலமானார். மறவியில் கிடந்த அவருடைய இசை மீண்டும் பேசப்படத் தொடங்கியது, 1976இல் தொண்ணூறாம் பிறந்தநாளையொட்டி நிகழ்ந்த வானொலி ஒலிபரப்பின் பின்னரே.

ஃபானியின் கணக்கும் அண்மையில்தான் தீர்ந்தது. 1828இல் இயற்றப்பட்ட உயிர்த்தெழுந்த திருநாள் சொனாட்டா என்னும் பியானோப் படைப்பின் கையெழுத்துப்படி 1970இல் பாரிசில் கிடைத்தது. அதில் எஃப். மெண்டல்சோன் என்று ஒப்பமிட்டிருந்தது. பெலிக்சாகத்தான் இருக்க வேண்டும் என்று கொண்டு, அவர் பெயரிலேயே இசைத்தட்டும் வெளிவந்தது. 2010இல் அமெரிக்க ஆய்வாளர் ஏஞ்சலா மேஸ் அப்படியை நேரில் ஆராய்ந்தார். கையெழுத்து ஃபானியினுடையது. தாள்களின் பக்க எண்களோ, ஃபானியின் தொகுப்பேடு ஒன்றில் காணாமற்போயிருந்த பக்கங்களின் எண்களோடு பொருந்தின. 2017 மார்ச் 8ஆம் நாள், கிளார்க் பயின்ற அதே இலண்டன் அரச இசைக்கல்லூரியில் அச்சொனாட்டா இசைக்கப்பட்டது. நிரலில் ஃபானியின் பெயர் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தது.