ஏரிப் படுகையிலிருந்து வந்த பட்டறைகள்: அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் ஹாட் ராட் மரபு, 1948–1967

போருக்குப் பிந்தைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் கிழக்குக் கரையிலிருந்தே தொடங்குகிறார்கள். 1944இல் பாஸ்டனில் உருவான ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, 1948 அக்டோபரில் வாட்கின்ஸ் கிளென் ஊர்ச் சாலைகளில் நடந்த பந்தயம், அதை ஆல்ஃபா ரோமியோவில் வென்ற ஃபிராங்க் கிரிஸ்வோல்ட், அவரைப்போல் ஐரோப்பியக் கார் வாங்க வசதி படைத்தவர்கள் என்று அந்தக் கதை நகரும். அதே ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை எலும்பும் தோலுமாக உரித்து நேர்கோட்டில் விரட்டிக்கொண்டிருந்த ஹாட் ராட் இளைஞர்களுக்கு அதில் ஓர் அடிக்குறிப்புதான் மிஞ்சும். அவர்களில் ஓட்டுநராகப் பெயரெடுத்தவர்களை மட்டும் எண்ணினால் அந்த அடிக்குறிப்பே போதும் என்றும் தோன்றும். ஆனால் கார்களைக் கட்டியவர்கள் யார், எஞ்சின்களைத் தயார் செய்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. ஏரிப் படுகையிலிருந்து சாலைப் பந்தயத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது பட்டறை அறிவு. ஓட்டுநர்கள் அதன் பின்னால் வந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த அறிவு எப்படித் திரண்டது என்பதைப் பார்க்க வேண்டும். 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாதாரண விலைக் காரில் 221 கன அங்குல வி8 எஞ்சினைப் பொருத்தியது. திறன் 65 குதிரைத்திறன். சில ஆண்டுகளில் இந்த எஞ்சின்கள் காயலாங்கடைகளில் மலிவாகக் கிடைத்தன. 1937இல் தொடங்கிய சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் ஏரிப் படுகை ஓட்டங்களைக் கடிகாரம் வைத்து அளந்து பதிவு செய்தது. வாய்ச்சவடாலுக்கு அங்கே இடமில்லை. ஒருவர் கேம்ஷாஃப்டை மாற்றினால் அந்த மாற்றத்தின் பலன் அன்றே மைல் கணக்கில் தெரிந்துவிடும். எட் இஸ்கெண்டேரியனின் கேம்ஷாஃப்டுகளும் விக் எடல்பிராக்கின் மேனிஃபோல்டுகளும் இந்தச் சூழலில் விளைந்தவை. 1948இல் மணிக்கு 150 மைலைத் தாண்டிய முதல் ஹாட் ராட் என்று பதிவான ஸ்டூவர்ட் ஹில்பார்னின் கார், அவரே உருவாக்கிய எரிபொருள் இன்ஜெக்ஷனோடு ஓடியது. தொழிற்சாலை ஆய்வகம் எதுவும் இல்லாத இளைஞர்கள் அளந்து, திருத்தி, மறுபடி அளந்து கற்றார்கள். பந்தயக் கார் கட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி அன்றைய அமெரிக்காவில் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. ஏரிப் படுகையில் வளைவே கிடையாது. அங்கே பிரேக்கின் தேவையும் குறைவு. சாலைப் பந்தயமோ வளைவிலும் பிரேக்கிலும்தான் தீர்மானமாகிறது. இந்த மறுப்பை ஏற்காமல் முடியாது. ஹாட் ராட்காரரான ஏக் மில்லர் ஃபோர்டு சேஸிஸில் பழைய மாடல் டி உடலையும் ஓல்ட்ஸ்மொபில் எஞ்சினையும் பொருத்தி, 'கபாயோ டி ஹியர்ரோ' என்ற காரை 1953இல் மெக்சிகோவின் கரேரா பானமெரிக்கானாவுக்குக் கொண்டுபோனார். ஃபாங்கியோ லான்சியாவில் வென்ற அந்தப் பந்தயத்தில் மில்லரின் கார் இறுதிவரை ஓடி முடித்தது. நாட்டை நெடுக்காகக் கடக்கும் ஓட்டத்தில் எஞ்சின் பலமும் உடையாத உறுதியும் கைகொடுத்தன. 1957இல் அவர் வேறொரு காருடன் இத்தாலியின் மில்லே மில்யாவுக்குப் போனபோது பந்தயத்தை முடிக்கவே முடியவில்லை. ஆக, எஞ்சின் அறிவு மட்டும் போதவில்லை. சேஸிஸ் அறிவை இன்னொரு தரப்பு தந்தது: மிட்ஜெட், இண்டியானாபொலிஸ் கார்களைக் கட்டிய ஃபிராங்க் கர்ட்டிஸின் பட்டறை. அங்கே தொழில் பழகிய டிக் டிரவுட்மனும் டாம் பார்ன்ஸும் பிறகு தனியே சாலைப் பந்தயக் கார் கட்டத் தொடங்கினார்கள். இரண்டு மரபுகளும் ஒரே நகரின் தெருக்களில், சில மைல் இடைவெளியில் இருந்தன என்பதே தென் கலிபோர்னியாவின் அனுகூலம்.

இரண்டும் கலந்ததன் முழு வடிவம் 1958இன் ஸ்காராப் கார். டிரவுட்மனும் பார்ன்ஸும் கட்டிய குழாய்ச் சட்டகம், துளை பெரிதாக்கிய செவ்ரொலே வி8, அதன்மேல் ஹில்பார்னின் இன்ஜெக்ஷன். ஏரிப் படுகையில் பிறந்த கருவி பத்தே ஆண்டுகளில் முதல்தரச் சாலைப் பந்தயக் காரில் ஏறிவிட்டது. அந்த அக்டோபரில் ரிவர்சைடில் லாங் பீச்சின் சக் டே ஸ்காராபை ஓட்டி, ஃபில் ஹில்லின் ஃபெராரியைத் தோற்கடித்தார். இரண்டாவதாக வந்த டான் கர்னி, 1950இல் தானே கட்டிய காரில் பான்வில் உப்புப் படுகையில் மணிக்கு 138 மைல் ஓட்டியவர்.

ஸ்காராபின் உரிமையாளர் லான்ஸ் ரெவன்ட்லோ, வுல்வொர்த் செல்வத்தின் வாரிசு. ஆகவே பணமே வென்றது என்பார்கள். பணம் வேகத்தைக் கூட்டியது உண்மை; அது இல்லாமலும் இந்த மரபு வென்றிருக்கிறது. ஹாலிவுட்டில் எஞ்சின் மாற்றுவதையே தொழிலாகக் கொண்டிருந்த மேக்ஸ் பால்ச்சவ்ஸ்கி, பியூக் வி8 பொருத்திக் கட்டிய 'ஓல்ட் யாலர்' கார்கள் பார்வைக்கு அழகற்றவை. மலிவான டயரில் ஓடியவை. அவை ஃபெராரிகளையும் மசெராட்டிகளையும் திணறடித்தன. கர்னியும் கரோல் ஷெல்பியும் அவற்றை ஓட்டியிருக்கிறார்கள். டெட்ராய்ட் நல்ல வி8 தந்ததுதான் காரணம் என்பாரும் உண்டு. அந்த எஞ்சின்கள் எல்லோருக்கும் கிடைத்தன. தவிர, 1957 ஜூனில் கார் உற்பத்தியாளர் சங்கம் பந்தயத்திலிருந்து விலகத் தீர்மானித்தபின், அவற்றைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் சுமையில் பெரும்பகுதி தனியார் பட்டறைகள்மேல் விழுந்தது.

இந்த மரபுக்கு எல்லையும் உண்டு. 1960இல் ஸ்காராப் குழு ஃபார்முலா ஒன்றுக்கு முன்-எஞ்சின் காருடன் போனபோது, உலகம் பின்-எஞ்சினுக்கு மாறியிருந்தது. மொனாக்கோவில் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. கையில் உள்ளதைக் கொண்டு மேம்படுத்துவதில் வல்லவர்கள், அடிப்படை வடிவமே மாறும்போது தடுமாறினார்கள் என்றே இதைப் படிக்க வேண்டும். ஆனால் தோல்வியோடு பட்டறை கலையவில்லை. ரெவன்ட்லோவின் வெனிஸ் நகரப் பட்டறையை ஷெல்பி எடுத்துக்கொண்டார். கட்டடத்தோடு ஃபில் ரெமிங்டனும் வந்தார். போருக்கு முன்பே ஏரிப் படுகைகளில் பழகிய ரெமிங்டன், ஷெல்பியின் கோப்ரா காரின் உருவாக்கத்தில் மையமாக இருந்தார். 1965இல் ஷெல்பியின் கார்கள் உலக ஜிடி உற்பத்தியாளர் பட்டத்தை வென்றன. 1966இல் லெ மான்ஸில் ஃபோர்டு முதல் மூன்று இடங்களையும் பிடித்தபோது, பிரேக் டிஸ்க்குகளை விரைவாக மாற்றும் அமைப்பு ரெமிங்டனுடையது. ஏரிப் படுகையில் பிரேக் கற்க முடியாது என்ற மறுப்புக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது.

1967 ஜூனில் கர்னி, ஏ. ஜே. ஃபாய்ட்டுடன் லெ மான்ஸை வென்றார். அடுத்த வாரமே பெல்ஜியத்தில் தன் சொந்த ஈகிள் காரில் கிராண்ட் பிரீ வென்றார். ரெமிங்டன் பிற்காலத்தில் அதே கர்னியின் நிறுவனத்தில் சேர்ந்து, 2013இல் 92 வயதில் இறப்பதற்குச் சற்று முன்புவரை அங்கே வேலை பார்த்தார். வெற்றிப் பட்டியல்களை மட்டும் வைத்து இக்காலத்தை எழுதுகிறவர்களுக்கு அவர் பெயர் கண்ணில் படாது. பட்டறைப் பதிவுகளிலிருந்து தொடங்குவதே சரியான முறை.