பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டியவர்

நெட் ஸ்லோவா இருக்கும்போது மேப்பைத் திறந்து சேட்டிலைட் வியூ போட்டுப் பாருங்க. படம் மொத்தமா வராது. முதல்ல சாம்பல் நிறக் கட்டங்கள், அப்புறம் ஒவ்வொரு கட்டமா படம் வந்து நிரம்பும். அந்தக் கட்டத்துக்குப் பேரு டைல். வீட்டுத் தரையில பதிக்கிறோமே, அதே பேருதான்.

எனக்கு இதுல ஆர்வம் வந்ததே ஒரு சொதப்பல்னாலதான். ஆபீஸ்ல ஒரு ஏரியை ட்ரோன் வெச்சு எடுத்த படம், 4 ஜிபி. அதை அப்படியே ஒரே படமா வெப் பேஜ்ல போட்டு லிங்க் அனுப்பிட்டேன். திறந்தவங்க எல்லாரோட பிரவுசரும் தொங்கிடுச்சு. டீம் சீனியர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வெட்டிப் போடுப்பா." யார் முதல்ல இப்படி வெட்டிப் பழகினாங்கன்னு தேடப் போனப்பதான் ஜிம் கிரே பேரு கண்ணுல பட்டது.

ஜிம் கிரே டேட்டாபேஸ் உலகத்துல பெரிய ஆளு. ஏடிஎம்ல பணம் எடுக்கும்போது நடுவுல கரண்ட் போனாலும் நம்ம கணக்கு குழம்புறதில்ல, இல்லையா? அந்த டிரான்சாக்‌ஷன் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்குத்தான்.

90கள்ல அவர் சான் பிரான்சிஸ்கோவுல மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்தார். தங்களோட எஸ்க்யூஎல் சர்வர் 1 டெராபைட் டேட்டாவைத் தாங்கும்னு உலகத்துக்குக் காட்டணும். இன்னிக்கு 1 டெராபைட் நம்ம பையில கிடக்குது. அப்போ அது மலை. சும்மா குப்பையைக் கொட்டி ரொப்பினா யாரும் மதிக்க மாட்டாங்க. டேட்டா எல்லாருக்கும் சுவாரஸ்யமா இருக்கணும், காப்புரிமைச் சிக்கல் இருக்கக் கூடாது, யார் மனசையும் புண்படுத்தக் கூடாது.

விடை வானத்துல இருந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் விமானத்திலிருந்து நாட்டைப் படம் எடுத்து, மேடு பள்ளத்தால வர்ற சாய்வையும் சரிபண்ணி வெச்சிருந்தது. ஒரு பிக்சல்னா தரையில 1 மீட்டர். அரசாங்கம் எடுத்த படம்கிறதால காப்புரிமை கிடையாது. கூடவே, ரஷ்யாவோட பழைய ராணுவ சேட்டிலைட் படங்களும் சேர்ந்தன. பனிப்போர் முடிஞ்சு பத்து வருஷம்கூட ஆகலைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இப்படிப் பிறந்ததுதான் டெர்ராசர்வர். அதைக் கட்டி எழுப்பினதுல முக்கியமானவர் டாம் பார்க்ளே.

இப்போ சிக்கலைப் பாருங்க. அந்த விமானப் படம் ஒண்ணு மட்டுமே 40 எம்பிக்கு மேல. அன்னிக்கு வீடுகள்ல இருந்தது 28.8 கேபிபிஎஸ் மோடம். கணக்குப் போட்டா ஒரு படம் இறங்க மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். தெருமுனையில இருக்கிற வீட்டைப் பார்க்க இவ்வளவு நேரம் யார் உட்காருவா?

அவங்க செஞ்சது மூணு விஷயம். முதல்ல, படத்தை 200க்கு 200 பிக்சல் மாதிரி சின்னத் துண்டுகளா முன்கூட்டியே வெட்டி வெச்சாங்க. ஒரு துண்டு 10 கேபி அளவுன்னா மோடம்லகூட மூணு செகண்ட்தான். ரெண்டாவது, பக்கத்துப் பக்கத்து நாலு துண்டைச் சுருக்கி ஒரே துண்டாக்கினாங்க. அந்த அடுக்குல ஒரு பிக்சல் 2 மீட்டர். அதையும் சுருக்கினா 4 மீட்டர். இப்படியே 64 மீட்டர் வரைக்கும் ஒரு பிரமிடு. இதுக்கு எவ்வளவு கூடுதல் இடம் ஆகும்னு நினைக்கிறீங்க? கால், அதுல கால், அதுலயும் கால்னு கூட்டிப் பாருங்க. மொத்தமே மூணில் ஒரு பங்குதான். மூணாவது, ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண், நெடுவரிசை எண்னு ஒரு முகவரி. வலது பக்கம் நகரணுமா? ஒரு எண்ணைக் கூட்டினா போதும்.

இதோட விளைவு என்னன்னா, மொத்தப் படம் எவ்வளவு பெரிசுங்கிற கேள்வியே முக்கியமில்லாம போயிடுச்சு. மாநிலத்தைப் பார்த்தாலும் சரி, மாடியைப் பார்த்தாலும் சரி, உங்க ஸ்கிரீனுக்குத் தேவை சில துண்டுகள்தான்.

1998 ஜூன் 24 அன்னிக்கு டெர்ராசர்வர் திறக்கப்பட்டது. வந்த கூட்டத்தைத் தாங்க முடியாம ஆரம்பத்துல திணறிப் போச்சு. ஆனா அதுல ஒரு குறையும் இருந்தது. பூமியை மண்டலம் மண்டலமா பிரிக்கிற யூடிஎம் முறையை அவங்க எடுத்திருந்ததால, ரெண்டு மண்டலம் சந்திக்கிற இடத்துல படங்கள் ஒட்டாது. 2005 பிப்ரவரியில் வந்த கூகுள் மேப்ஸ் பிற்பாடு மெர்கேட்டர் முறையில மொத்த உலகத்தையும் ஒரே சதுரமாக்கிச்சு. ஜூம் 0ல ஒரே டைல், ஜூம் 1ல நாலு, ஜூம் 18ல 6,800 கோடிக்கு மேல. கிரீன்லாந்து ஊதிப்போய் ஆப்பிரிக்கா சைஸுக்குத் தெரியும்தான். ஆனா தெருமுனைகளோட கோணம் மாறாது, சதுரமான கட்டடம் சதுரமாவே இருக்கும். தெருவைத் தேடுறவங்களுக்கு அதுதானே வேணும்?

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் எபிசோட் பண்ணியிருக்க மாட்டேன்.

2007 ஜனவரி 28. தன் அம்மாவோட அஸ்தியைக் கடல்ல கரைக்க ஜிம் கிரே தனியாகப் பாய்மரப் படகுல கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே இருக்கிற ஃபாரலான் தீவுகள் பக்கம். திரும்பி வரல. கடலோரக் காவல்படை நாலு நாள் தேடிட்டு நிறுத்திடுச்சு.

அவரோட நண்பர்கள் நிறுத்தல. சேட்டிலைட் படங்கள் எடுக்கப்பட்டன. நாசாவோட விமானமும் பறந்தது. கைக்கு வந்தது ஒரு பெரிய கடல், ஒரே நீலம். அதுல ஒரு சின்னப் படகு சில பிக்சல்தான் இருக்கும். ஒருத்தர் உட்கார்ந்து பார்த்து முடிக்கிற காரியமில்ல. அதனால அந்தப் படங்களைச் சின்னத் துண்டுகளா வெட்டி, அமேசானோட மெக்கானிக்கல் டர்க் தளத்துல ஏத்தினாங்க. 12,000 பேருக்கு மேல, முன்பின் அறியாதவங்க, ஒவ்வொரு துண்டா கண்ணால தேடினாங்க.

கிடைக்கல. படகும் கிடைக்கல, அவரும் கிடைக்கல.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு வேலை ஓடல. மோடம் தாங்கணும்னு படத்தை வெட்டிக் காட்டினவர் அவர். அவரைத் தேடினப்போ மனுஷக் கண்ணு தாங்கணும்னு வெட்ட வேண்டியிருந்தது.

மூணு வருஷம் கழிச்சு, 2010 ஜனவரி 12, ஹைட்டியில் நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு உருப்படியான தெரு மேப் இல்ல. சேட்டிலைட், விமானப் படங்களை நிறுவனங்கள் திறந்துவிட்டன. அவை டைல்களாச்சு. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து தெரு, இடிஞ்ச கட்டடம், கூடாரம்னு வரைஞ்சு தள்ளினாங்க. மீட்புக் குழுக்கள் அந்த மேப்பை ஜிபிஎஸ் கருவியில ஏத்திக்கிட்டுத் தெருவுல இறங்கினாங்க. இந்தத் தடவை பலன் கிடைச்சது.

ரெண்டு இடத்துலயும் நடந்தது ஒரே வேலைதான். தனி ஆளால பார்க்க முடியாத ஒண்ணை, ஆளுக்கொரு துண்டா பார்க்கக் கூடியதா மாத்தினது. வெட்டினா மட்டும் போதாது, படத்தை யாராவது திறந்தும் விடணும். அந்த ஏரிப் படத்தை அப்புறம் நான் டைலா வெட்டிப் போட்டேன். இப்ப பழைய போன்லகூட ஓடுது.