ஃபார்முலா ஒன்னும் முந்தவிடும் சட்டங்களும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி ஆனால் எங்கள் நொய்டா வீட்டில் டி.வி. ரிமோட் என் கையிலோ பையன் கையிலோதான் இருக்கும். ஐரோப்பாவில் ஃபார்முலா ஒன் ரேஸ் நடந்தால் நமக்கு அதுதான் நேரம். "சுத்தின இடத்தையே சுத்துறதை என்னத்தைப் பார்க்கிறீங்களோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு தங்கமணி உள்ளே போய்விடுவார்.

அப்படி ஒரு ஞாயிறு பையன் கேட்டான்: "ஏம்ப்பா, முந்துறதுதானே ரேஸு? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு சட்டம்?"

பி.காம். படித்துவிட்டு வங்கியில் வவுச்சர் பார்க்கிறவனிடம் ஏரோடைனமிக்ஸ் கேட்டால் என்ன சொல்ல? ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமே. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2005 ஏப்ரல். வேலைக்குச் சேர்ந்த புதிது, கரோல்பாக்கில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூம். அன்று இத்தாலியில் இமோலா ரேஸ். ரெனோ காரில் அலோன்ஸோ முன்னால் போகிறார். பதின்மூன்றாவது இடத்தில் கிளம்பிய ஷூமாக்கர் ஃபெராரியில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, கடைசிப் பத்துப் பன்னிரண்டு சுற்று அலோன்ஸோவின் முதுகில் ஒட்டிக்கொண்டார். அன்றைக்கு ஃபெராரிதான் வேகமான கார், அது பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் முந்த முடியவில்லை. அலோன்ஸோ 0.215 வினாடியில் ஜெயித்தார். ரூமில் நாலு பேரும் நின்றுகொண்டே பார்த்தோம். அடுப்பில் வைத்த ரசம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

வேகமான கார் ஏன் முந்த முடியவில்லை? லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். எதிர்க்காற்று குறைகிற மாதிரி இருக்கும், ஆனால் காற்று சுழன்று வண்டி ஆடும். ஃபார்முலா ஒன் காரிலும் அதே கதைதான். காற்று அதன் இறக்கைகளை அழுத்தி வண்டியைத் தரையோடு ஒட்ட வைக்கிறது. அந்த அழுத்தம் இருப்பதால்தான் வளைவில் அந்த வேகம். முன்னால் போகிற கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். பின்னால் வருகிறவருக்குக் கலங்கின காற்று, பிடிப்புக் குறைவு. வளைவில் மூக்கு வெளியே இழுக்கும், டயர் வழுக்கிச் சூடாகும். கொஞ்சம் விலகித்தான் வரவேண்டும். அப்புறம் நேர்ச்சாலையில் அந்த இடைவெளியை மூடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

ஆக, வில்லன் இறக்கை. அது வந்தது 1968-ல், பெல்ஜியம் ரேஸில் ஃபெராரியும் பிரபாமும் மாட்டிக்கொண்டு வந்தன. மறு வருஷமே ஸ்பெயினில் உயரமான இறக்கை முறிந்து லோட்டஸ் அணியின் இரண்டு கார்களும் மோதின. அடுத்த ரேஸான மொனாக்கோவில் உயர இறக்கைக்குத் தடை. பிறகு தாழ்ந்த இறக்கைகள் வந்து நிலைத்துவிட்டன. காற்றை ஒருவர் பின்னால் ஒருவர் பயன்படுத்தி முந்துகிற பழைய ஆட்டத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1971 மோன்ஸா. முதல் ஐந்து கார்களும் 0.61 வினாடிக்குள். ஜெயித்த பீட்டர் கெத்தினுக்கும் இரண்டாவது வந்தவருக்கும் இடையே 0.01 வினாடிதான்! மறு வருஷம் பாதுகாப்புக்காக அங்கே குறுகலான வளைவுகளைப் போட்டார்கள். அத்தோடு அந்த ஆட்டமும் போச்சு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெகுகாலம் சட்டங்கள் முந்துவதற்காகப் போடப்பட்டவை அல்ல. வேகத்தைக் குறைக்கத்தான். 1998-ல் காரின் அகலத்தை 200 சென்டிமீட்டரிலிருந்து 180 ஆக்கினார்கள், டயரில் வரிப்பள்ளம் போட்டார்கள். டயரின் பிடிப்புக் குறைந்ததால் கார்கள் இறக்கையை இன்னும் அதிகமாக நம்ப வேண்டியதாயிற்று. அதாவது காற்றை. 2005 இமோலா அந்தச் சட்டத்தின் குழந்தைதான்.

ரசிகர்கள் முணுமுணுத்த பிறகுதான் முந்துவதற்கென்றே ஒரு குழு போட்டார்கள். அதில் மெக்லாரனின் பேடி லோ, ஃபெராரியின் ரோரி பர்ன், ரெனோவின் பேட் சைமண்ட்ஸ் என்று போட்டி அணிகளின் ஆட்களே இருந்தார்கள். அவர்கள் சொன்னபடி 2009-ல் முன் இறக்கையை அகலமாக்கி, பின் இறக்கையை 100 சென்டிமீட்டரிலிருந்து 75 ஆகக் குறுக்கி, பழைய வழவழ டயரையும் திருப்பிக் கொடுத்தார்கள். இனி பின்னால் கலங்கின காற்று குறையும் என்று கணக்கு.

எங்கள் கவுண்டரில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் தரவேண்டும் என்று சட்டம் இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்தே ஜனங்கள் 49,500 கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். சட்டத்தை மீறவில்லை, எழுத்தைப் படித்துவிட்டார்கள்.

2009-ல் ராஸ் பிரானும் எழுத்தைப் படித்தார். ஹோண்டா விட்டுவிட்டுப் போன அணியை நடத்திக்கொண்டிருந்தவர். காரின் பின்பக்க அடியில் காற்று வெளியேறும் டிஃப்யூசரை இரண்டு அடுக்காக்க இடமிருக்கிறது என்று கண்டுபிடித்தது அவர் அணி. டொயோட்டாவும் வில்லியம்ஸும் அப்படியே. புகார் போனது, ஏப்ரலில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் ஜென்ஸன் பட்டன் ஜெயிக்கத் தொடங்கிவிட்டார். முதல் ஏழு ரேஸில் ஆறு அவருக்கு! குறைக்க நினைத்த அழுத்தம் பின்வாசல் வழியாகத் திரும்பியது, கலங்கின காற்றும் கூடவே.

அப்புறம் 2010 அபுதாபி. கடைசி ரேஸ். அலோன்ஸோ இப்போது ஃபெராரியில், சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரம். பதினைந்தாவது சுற்றில் டயர் மாற்றிவிட்டு வெளியே வந்தால் எதிரே ரஷ்யாவின் பெட்ரோவ், ரெனோ காரில். ஐந்து வருஷம் முன்னால் எந்த ரெனோவில் ஃபெராரியை மறித்தாரோ, அதே ரெனோ இப்போது ஃபெராரியை மறிக்கிறது. மொத்தம் 55 சுற்று. மீதி நாற்பது சுற்றும் பெட்ரோவின் முதுகைப் பார்த்தபடியே போயிற்று. ஏழாவது இடம். 4 புள்ளியில் பட்டம் வெட்டலுக்கு. முடிந்ததும் பெட்ரோவைப் பார்த்து அலோன்ஸோ கையை ஆட்டிய காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

பெட்ரோவால்தான் டி.ஆர்.எஸ். வந்தது என்று பலர் சொல்வார்கள். இல்லை, அந்த முடிவை 2010 ஜூனிலேயே எடுத்துவிட்டார்கள். அபுதாபி அதற்கு நியாயம் சேர்த்தது, அவ்வளவுதான். 2011 முதல், முன்னால் போகிறவருக்கு ஒரு வினாடிக்குள் இருந்தால், குறித்த இடத்தில் பின் இறக்கையின் பலகையைத் திறந்து வேகம் கூட்டலாம். முன்னால் போகிறவர் தன் பலகையைத் திறக்கக் கூடாது. முந்தல்கள் மளமளவென்று கூடின. மறிக்கிறவர் பாடுதான் பரிதாபம், ஒரு கை கட்டப்பட்ட மாதிரி.

அந்த வருஷம் அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய ரேஸ். புத்த் சர்க்யூட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ச்சாலை, டி.ஆர்.எஸ்-ஸுக்கென்றே செய்தது போல. நம்ம நரேன் கார்த்திகேயனும் ஓடினார். பலகை திறக்கிறது, கார் தாண்டுகிறது, கூட்டம் கத்துகிறது. நானும் கத்தினேன். வீடு திரும்பும்போது யோசித்தால் ஒரு முந்தலும் நினைவில் நிற்கவில்லை. வெட்டலோ முதல் சுற்றிலிருந்து கடைசிவரை முன்னாலேயே இருந்தார், அவரை யாரும் நெருங்கவில்லை.

2017-ல் வேகம் போதவில்லை என்று காரை மறுபடி 200 சென்டிமீட்டராக அகலப்படுத்தினார்கள். அழுத்தம் கூடியது, முந்தல் குறைந்தது. எதிர்பார்த்ததுதான்.

அதே வருஷம் ஃபார்முலா ஒன் நிர்வாகம் ஒரு வேலை செய்தது. விளையாட்டுப் பகுதியை ராஸ் பிரானிடம் கொடுத்தது. ஆமாம், இரட்டை அடுக்குக்காரர்! பழைய குழுவிலிருந்த பேட் சைமண்ட்ஸும் அவரோடு சேர்ந்தார். 49,500 கட்டினவரையே இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பின மாதிரி. அவர்கள் வேலையின் பலன்தான் 2022 கார். இறக்கையை விடக் காரின் அடியில் ஓடும் காற்றை அதிகம் நம்பும் வடிவம். பாதுகாப்புக்காக 1983-ல் தட்டையான அடிப்பாகம் கட்டாயமானபோது போன சமாச்சாரம், திரும்பி வந்தது. அவர்களே வெளியிட்ட கணக்கு: இருபது மீட்டர் பின்னால் வரும் கார் முன்பு 35 சதவீத அழுத்தத்தை இழந்தது, புதிய வடிவத்தில் 4. பத்து மீட்டரில் 46 என்பது 18 ஆனது.

முதல் வருஷம் நன்றாகவே இருந்தது. பிறகு அணிகள் வழக்கம்போல் எழுத்தைப் படித்தார்கள். காற்றைப் பக்கவாட்டில் தள்ளும் வித்தைகள் சேரச் சேர, 2025 வாக்கில் ஓட்டுநர்கள் பழைய புகாரையே சொன்னார்கள். 2026 விதிகளில் டி.ஆர்.எஸ். இல்லை. இறக்கையை எல்லோரும் திறக்கலாம், பின்னால் ஒரு வினாடிக்குள் வருகிறவருக்கு மின்சக்தி கொஞ்சம் கூடுதல். அகலம் 190. (இருபதைக் கழி, இருபதைக் கூட்டு, பத்தைக் கழி. பாலன்ஸ் ஷீட் தோற்றது போங்கள்.)

இவ்வளவையும் சொன்னால் பையனுக்குப் பொறுமை ஏது? 2005 இமோலாவின் கடைசிச் சுற்றுகளைத் தேடிப் போட்டுக் காட்டினேன். முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஷூமாக்கர் ஒவ்வொரு வளைவிலும் மூக்கை நுழைக்க, அலோன்ஸோ அடைக்க, மெல்ல நிமிர்ந்தான். முடிந்ததும் கேட்டான்:

"ஒருத்தரும் முந்தவே இல்லையேப்பா?"

"இல்லை."

"சரி, இன்னொரு தடவை போடு."