பதிவேட்டில் ஏறிய பெயர்கள்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டுகளில் தேடுவோர் உண்டு. நிலவரிக் கணக்குகளில் தேடுவோரும் உண்டு. சிற்றூர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தேடுவோர் மிகச் சிலரே. கட்டம் போட்ட அந்த நீண்ட ஏட்டில் பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், நீங்கிய நாள் எனச் சில சொற்களே இருக்கும். ஆயினும், தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாதிருந்த ஒரு சமுதாயம் எழுந்து நின்ற கதை அச்சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. பெயரை எழுதிக்கொண்ட பள்ளி, அப்பெயருக்குரிய உயிருக்கும் பொறுப்பேற்றதா? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிறு பள்ளிகளை மனத்திற்கொண்டு இக்கேள்வியை வரலாற்றின் வழியே ஆராய விழைகிறோம்.

பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் திண்ணைப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அத்திண்ணைகளில் எல்லாப் பிள்ளைகளும் அமர இயலவில்லை. பெண்பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியே நின்றனர். 1844ஆம் ஆண்டு புதுச்சேரியில் கூடிய மறைமன்றம், பெண்கல்வியைத் திருச்சபையின் கடமையாக ஏற்றது. அதே ஆண்டில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த துப்புயி அடிகளார், மரியன்னையின் மாசற்ற இருதயத்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்துப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பணியைத் தொடங்கினார். பிற சபையாரும் பின்தங்கி நிற்கவில்லை. அமெரிக்க ஆற்காடு மிஷனின் உழைப்புக்குத் திண்டிவனத்தில் வால்டர் ஸ்கடர் பெயரால் வழங்கும் பள்ளியே சான்று. அக்காலத்தில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும் பணியாயிருந்தது. கன்று மேய்க்கும் சிறுவனை விட்டுக்கொடுக்க வீட்டில் வசதியில்லை. கற்றுத்தான் என்ன பயன் என்ற ஐயம் வேறு.

1854இல் வெளிவந்த சார்லஸ் வுட் அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறை வேரூன்றியது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்னும் ஏற்பாடும் வழக்கிலிருந்தது. ஆய்வாளர் வந்து தேர்வு நடத்துவார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மானியம் அமையும். இதனால் பல பள்ளிகள் உயிர் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் அன்று முதல் பதிவேட்டின் எண்ணுக்கு ஒரு விலையும் ஏற்பட்டது. பிள்ளையின் பெயர், பள்ளியின் பிழைப்புக்கு ஆதாரமாயிற்று. இந்தக் கலப்பை நாம் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் வரும் பல துயரங்களுக்கு இதில் ஒரு வேர் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் சேர்க்கையின் வரலாறு வேகம் கொண்டது. 1953இல் கொண்டுவரப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அவரும் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் ஊர்தோறும் பள்ளி என்ற இலக்கை வகுத்தனர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் தாங்களே முன்வந்து மேசை, நாற்காலி, மணி, கரும்பலகை என்று வாரி வழங்கினர். 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அன்னம் இட்டு அறிவு ஊட்டிய இத்தொடர் முயற்சி, உலகோர் வியக்கும் ஒன்று.

இதன் பயன் நம் வட்டாரத்துக்கு மிகவும் தேவையாயிருந்தது. 1993இல் தென்னார்க்காடு பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டம், எழுத்தறிவில் நெடுநாள் பின்தங்கியே நின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகம் 80 விழுக்காட்டை எட்டியபோது, கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய விழுப்புரம் ஏறக்குறைய 72 விழுக்காட்டில் இருந்தது. இங்கே பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு பெயரும் ஒரு வெற்றிதான். ஆனால் பெயர்கள் பெருகிய வேகத்தில் கூரைகள் உறுதிப்படவில்லை. கிடைத்த இடத்தில், கிடைத்த பொருளைக் கொண்டு வகுப்புகள் எழுந்தன. ஓலைக் கொட்டகை பள்ளியாயிற்று. அதன் அருகிலேயே அடுப்பும் எரிந்தது. சேர்ப்பதே சாதனையாயிருந்த காலத்தில், காப்பது பற்றிய சிந்தனை பின்னுக்குப் போயிற்று.

அதன் கொடிய விலையைக் கும்பகோணம் கொடுத்தது. 2004 ஜூலை 16ஆம் நாள், ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இயங்கிய இடத்தில், சமையற்கூடத்தில் பற்றிய தீ மேல்தளத்து ஓலைக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கு இருந்த வழியோ குறுகியது. 94 பிள்ளைகள் மாண்டனர். அன்று அதிகாரியின் ஆய்வு எதிர்பார்க்கப்பட்டதால், மாணவர் எண்ணிக்கையை மிகுத்துக் காட்டும்பொருட்டுப் பிற வகுப்புப் பிள்ளைகளும் அக்கூரையின் கீழ் அமர்த்தப்பட்டனர் என்று விசாரணையின்போது கூறப்பட்டது. இச்செய்தியை நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்காக அமர்த்தப்பட்ட பிள்ளைகளை யாரும் உயிர்களாக எண்ணிப் பார்க்கவில்லை.

நீதியரசர் சம்பத் ஆணையம் அமைந்தது. பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகள் அகன்றன. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கும்பகோணத்தை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சேர்த்தலும் காத்தலும் ஒரே கடமையின் இரு பெயர்கள் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது. ஆயினும் 2021 டிசம்பர் 17ஆம் நாள் திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். அதன் பிறகே மாநிலமெங்கும் பழுதடைந்த கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. நம் நாட்டில் ஒவ்வொரு விதியும் ஒரு பிள்ளையின் கல்லறையிலிருந்து எழுவது ஏனோ?

இன்று காற்று திசை மாறியிருக்கிறது. தமிழகத்தில் பிறப்பு குறைந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு தாய்க்குச் சராசரியாக 1.4 பிள்ளைகளே. பெற்றோரோ ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடுகின்றனர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுக்கிறது. ஆகஸ்ட் முதல் நாளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. எனவே சிறு பள்ளியின் தலைமையாசிரியர் கோடையிலேயே தெருத்தெருவாகச் செல்கிறார். ஓரிரு பிள்ளைகள் குறைந்தாலும் ஆசிரியரை இழக்க நேரலாம். பிள்ளைகளே இல்லையென்றால் பள்ளியே இல்லை. முப்பாட்டன் காலத்து வேதியர் செய்த அதே வேலை மீண்டும் வந்திருக்கிறது.

இந்த நெருக்கடியில் ஓர் ஆபத்தான எண்ணம் தலைதூக்குகிறது. “இருப்பதே இருபது பிள்ளைகள், இதற்குச் சுற்றுச்சுவர் வேண்டுமா? புதுக் கழிப்பறை வேண்டுமா?” என்று செலவைத் தள்ளிப்போடுகிறோம். பிள்ளைகள் குறைந்ததால் பராமரிப்புக் குறைகிறது. பராமரிப்புக் குறைந்ததைக் கண்டு பெற்றோர் அஞ்சுகின்றனர். அச்சத்தால் பிள்ளைகள் மேலும் குறைகின்றனர். சிறு பள்ளிகள் மூடப்படுவதற்கு வறுமையும் மோகமும் மட்டுமே காரணங்கள் அல்ல. விரிசல் விட்ட சுவரைத் தாய் ஒருத்தி பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் காரணமே.

இயற்கையும் நம் பகுதியை எச்சரித்துவிட்டது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையில் ஊறிய பழஞ்சுவர், வெயில் வந்த பின்னும் நம்பத்தக்கதன்று. பள்ளி திறக்குமுன் அதைத் தட்டிப் பார்க்கும் கை வேண்டும்.

புயல் கடந்து ஒரு மாதம் சென்றபின், 2025 சனவரி 3ஆம் நாள், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட விக்கிரவாண்டியில், தனியார் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. பயின்ற மழலை, கழிவுநீர்த் தொட்டியின் துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து உள்ளே விழுந்து இறந்தது. அப்பள்ளி நம் அன்னை மரியாளின் பெயரைத் தாங்கியது. அதைச் சொல்லாமல் கடந்து போவது நமக்கு அழகன்று. அது வசதியற்ற ஓராசிரியர் பள்ளியும் அன்று. காப்பாற்றத் தேவைப்பட்டது பெருஞ்செல்வமும் அன்று. ஓர் உறுதியான மூடியும், அதை நாள்தோறும் பார்க்கும் ஒரு கண்ணுமே. புனிதர் பெயரை வாயிலில் எழுதிய கரங்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவர் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். வழிபாட்டையும் வாய்மையையும் பற்றிப் பேசும் திருநூல், கைப்பிடிச்சுவரைப் பற்றியும் பேசுகிறது. விபத்து என்று நாம் சொல்வதை, முன்பே தடுத்திருக்கக்கூடிய குற்றம் என்று அது கருதுகிறது.

சிறு பள்ளிக்கு ஒரு பேறும் உண்டு. ஆயிரம் பேர் பயிலும் இடத்தில் காணாமற்போன ஒருவனைக் கண்டறிய மணி அடிக்க வேண்டும். இருபது பேர் உள்ள இடத்தில் ஒரு பார்வை போதும். எந்தப் பிள்ளை நெடுஞ்சாலையைக் கடந்து வருகிறது, எந்தப் பிள்ளைக்கு வலிப்பு நோய், எவளை யார் அழைத்துச் செல்வார் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். பெற்றோரும் ஊரும் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழு, திங்கள்தோறும் ஒரு முறை வளாகத்தைச் சுற்றி வந்து கிணற்றையும் தொட்டியையும் மின்கம்பியையும் அடுப்பறையையும் பார்த்தால் போதும். சேர்க்கைக்காக ஊர்வலம் போகும் நாளில், “உங்கள் பிள்ளை எங்களிடம் பத்திரமாயிருக்கும்” என்று மனமறிந்து சொல்ல முடியும். அதனினும் சிறந்த விளம்பரம் எப்பள்ளிக்கும் இல்லை.

நல்ல ஆயன் தொண்ணூற்றொன்பது ஆடுகளோடு மனநிறைவு கொள்ளவில்லை. அவன் எண்ணியது கணக்குக் காட்டுவதற்காகவன்று. ஒன்று குறைந்தால் தேடிப் போவதற்காக. நம் பள்ளிகளின் ஏடுகளிலும் ஜூன் தோறும் புதுப்பெயர்கள் ஏறட்டும். ஏறும் ஒவ்வொரு பெயரும் மாலையில் வீடு திரும்பும் வரை, அதை எழுதிய கை ஓயாதிருக்கட்டும்.