காற்றுக்குச் சட்டம் இல்லை

பாலக்கரைப் பக்கம் ஒரு காயலான் கடையில்தான் அந்தப் பழைய கம்ப்ரஸரைப் பார்த்தேன். இரண்டு ஹெச்.பி. மோட்டார், நூறு லிட்டர் டேங்க், மேலே பளபளவென்று நீலப் பெயின்ட். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில் மரச்சாமானுக்கு ஸ்ப்ரே அடிக்க இது தாராளம். ஓட்டிக் காட்டினார்கள், சத்தம்கூட அதிகமில்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன எதிர்வீட்டு மாமாவிடம் போட்டோவைக் காட்டினேன். "மோட்டார் கெடக்கட்டும். டேங்க்குக்கு ஏண்டா புதுப் பெயின்ட்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். மறு வருஷமே வங்காளத்தில் நீராவி பாய்லர்களைச் சோதிக்க ஒரு சட்டம் வந்தது. மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறிக்கொண்டிருந்ததை 1923இன் இந்திய பாய்லர் சட்டம் ஒன்றாக்கியது. (ரயில் இன்ஜினுக்கு அதில் விலக்கு இருந்தது, மாமா சர்வீஸ் முழுக்க ரயில்வேயின் சொந்த விதிகளோடுதான் மல்லுக்கட்டினாராம்.) 1960களில் திருவெறும்பூரில் பி.ஹெச்.இ.எல். வந்தது. நாட்டின் மின்நிலையங்களுக்கு பாய்லர் செய்து அனுப்பும் ஊரானது திருச்சி.

ஆனால் அந்தச் சட்டம் நீராவிக்கு. காற்று டேங்க்குக்கு 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தில் 31ஆம் பிரிவு இருந்தது, அதுவும் தொழிற்சாலைக்குள் மட்டும். கேட்டைத் தாண்டி காயலான் கடைக்கு வந்துவிட்டால் அந்த டேங்க்கை யாரும் கேட்கமாட்டார்கள். என் கொல்லைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்?

காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்க்கின் அடியில் தங்கும். தினமும் டிரெயின் வால்வைத் திறந்துவிடாவிட்டால் உள்ளேயிருந்து துரு தின்னும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கணக்குப் போட்டேன். 8 பார் அழுத்தத்தில் நூறு லிட்டர் காற்றில் இருப்பது சுமார் 100 கிலோ ஜூல். ஒரு டன் காரைப் பத்து மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு அடியில் நின்று ஸ்ப்ரே அடிக்கிற மாதிரி.

சோதிக்கும் முறை பழையது. டேங்க்கில் காற்றே இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்துக்கு மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர் அமுங்காது. அதனால் தகடு விட்டுப்போனால் வெடிக்காது, ஒழுகும், முள் இறங்கிவிடும்.

மாமா எங்கிருந்தோ ஒரு கைப்பம்பு கொண்டுவந்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார். டிரெயின் வால்வு திறக்கவே இல்லை. ரெஞ்ச் போட்டுத் திருகினதும் காபி டிகாஷன் மாதிரி கொட்டியது. தண்ணீர் நிரப்பி ஏற்றினோம். முள் 7ஐத் தொடுவதற்குள் அடிப்பக்கம், வெல்டிங் ஓரமாக, நீலப் பெயின்ட் கொப்பளித்துச் சொட்டத் தொடங்கியது.

"மோட்டாரும் பம்பும் மட்டும் குடுங்கண்ணே," என்றேன்.

"டேங்க்கை என்ன சார் பண்றது? ஒட்டு போட்டா இன்னொருத்தர் எடுத்துப்பாங்க."

"எடைக்கு நானே வாங்கிக்கிறேன்," என்றார் மாமா. அங்கேயே, எங்கள் கண் முன்னாலேயே, கேஸ் கட்டர் வைத்து இரண்டாக வெட்டச் சொன்னார்.