பாடகர் மறைந்தால் ராக் இசைக்குழு நிலைக்குமா?

ராக் இசைக்குழுவில் கித்தார் வாசிப்பவர் மாறினால் தீவிர ரசிகர்களுக்குத்தான் தெரியும். முன்னணிப் பாடகர் மாறினால் முதல் வரியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். குழுவின் அடையாளமே அந்தக் குரல்தான். அதை இழந்த பிறகும் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்த குழு, ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி.

மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்கள் 1973-இல் சிட்னியில் இதைத் தொடங்கினர். முதல் பாடகர் அதிக நாள் நீடிக்கவில்லை. 1974-இல் வந்த போன் ஸ்காட்தான் குழுவுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தார். குறும்பும் முரட்டுத்தனமும் கலந்த குரல் அவருடையது. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோலப் பாடுவார். 1979-இல் வெளிவந்த ‘ஹைவே டு ஹெல்’ ஆல்பம் அமெரிக்காவிலும் குழுவின் பெயரைப் பரப்பியது. மறு ஆண்டு பிப்ரவரி 19-இல், லண்டனில் அளவுக்கு மீறி மது அருந்திய இரவுக்குப் பின் ஸ்காட் இறந்தார். வயது 33.

குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். கடைசியில் தேர்வானவர் வட இங்கிலாந்துக்காரரான பிரையன் ஜான்சன். அப்போது அவர் கார் கூரைகளுக்கு வினைல் உறை போடும் தொழில் செய்துகொண்டிருந்தார். முன்பு அவர் பாடியதைக் கேட்டு ஸ்காட்டே யங் சகோதரர்களிடம் பாராட்டியிருந்தாராம். ஆனால் ஜான்சன் ஸ்காட்டைப் போலப் பாடவில்லை. உச்சத்தில் நின்று கரகரக்கும் தனிக்குரல் அவருக்கு. கித்தாரும் டிரம்ஸும் பழையபடியே ஒலித்தன. குரல் மட்டும் புதிது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தின் அட்டை, மறைந்தவருக்கு அஞ்சலியாக முழுக் கறுப்பு. முதல் பாடல் மணியோசையுடன் தொடங்கும். உலகில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று. நகல் குரலை வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

குவீன் குழுவுக்கு வேறு அனுபவம். 1991-இல் பிரெடி மெர்குரி மறைந்தபின் பால் ரோட்ஜர்ஸ், அடம் லாம்பர்ட் ஆகியோர் மேடையேறினாலும், குழுவின் பெயருடன் அவர்கள் பெயரும் தனியாகச் சேர்த்தே போடப்பட்டது. நாற்காலி இன்னும் மெர்குரியுடையதே.

நம் நாட்டில், ராக் என்பதைவிடப் பாப் இசைக்குழு என்று சொல்லத்தக்க எலிகேட்ஸுக்கும் இதே சோதனை வந்தது. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் தங்கள் குரல்களால் மலாய் ரசிகர்களின் மனத்தில் இடம்பிடித்தவர்கள். 2007-இல் நுரையீரல் புற்றுநோயால் லோகநாதன் காலமானார். டேவிட்டின் குரல் இருந்ததால் குழு தொடர்ந்து மேடையேறியது. ஆனாலும் ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி’ என்றதும் ரசிகர்களுக்கு நினைவு வருவது லோகநாதனின் மென்குரல்தான்.